ஐரீன் கேட்காத மன்னிப்பு

— இந்த வசனத்தை எழுதினவன் யாரு தப்ரேஸ்? கையில கிடைச்சான்னா காதைத் திருகிடுவேன்.

— ஏம்மா, என்ன ஆச்சு? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு.

— என்னத்த நல்லா? ஸ்க்ரீன்ல ஐரீன் உதட்டைப் பாரு. ரெண்டும் பசை தடவினாப்பல ஒட்டுது. ஒட்டற இடத்துல 'ப' வரணும், இல்ல 'ம' வரணும். இவன் 'எத்தனை நாள் ஆச்சு'ன்னு எழுதி வச்சிருக்கான். வாயைத் திறந்துக்கிட்டே பேசற வசனம். பாக்கறவங்க ஐரீன் காலவே மிக்சர் திங்கறான்னு நினைப்பாங்க.

— சரிம்மா, நீங்களே மாத்திக்குங்க. என்ன போடலாம்?

— 'ரொம்ப நாள் ஆயிடுச்சு.' இப்பப் பாரு, 'ம்ப'வுல உதடு ஒட்டுதா?

— ஒட்டுதும்மா! பிரியாக்கா, கேட்டீங்களா? உங்கம்மா இந்த வயசுலயும் விடறதில்ல.

— கேட்டேன், கேட்டேன். அம்மா, கொஞ்சம் மெதுவா பேசு. தொண்டையைப் போட்டு வதைக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

— சும்மா இருடி. புதன்கிழமை பெங்களூர்ல கழுத்தை அறுத்துக் குரல்வளையையே எடுக்கப் போறாங்க. அப்புறம் அதை எதுக்குப் பொத்திப் பொத்தி வச்சுக்கணும்? யாருக்குக் குடுக்க?

— அம்மா, ப்ளீஸ்.

— இல்ல, கேக்கறேன். புதன்கிழமை சாயந்திரத்துல இருந்து நான் ஊமைச்சி. இன்னைக்காவது கத்திக்கிறேன், விடு.

— அம்மா, ஒரு நிமிஷம். கீழ பட்டறையில லேத்தைப் போட்டுட்டாரு. மைக்ல கேக்குது. நான் இறங்கிப்போய் நிறுத்தச் சொல்லிட்டு வந்துடறேன்.

— போயிட்டு வா தம்பி. சென்னையில ஈ பறந்தாக்கூட மைக்ல கேக்கும், அப்படி ஒரு ரூம்ல நின்னு பேசினவ. இப்பப் பாரு பிரியா, ஓசூர்ல லேத்துக்கும் லாரிக்கும் நடுவுல, சுவத்துல முட்டை அட்டையை ஒட்டின ரூம்ல ஐரீன் காலவேயோட கடைசிப் படம். இதுக்கு மேல நடிக்க மாட்டேன்னு பேட்டியே குடுத்துட்டாளாம். அவளுக்கு மட்டும் இந்த ரூம் தெரிஞ்சா எப்படி இருக்கும்!

— அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தமிழ்ல அவங்களுக்கு மணிமேகலைன்னு நீ ஒருத்தி முப்பது வருஷமா குரல் குடுக்கறது கூடத் தெரியாது.

— அதைச் சொல்லிக் காட்டறதுல உனக்கு ஒரு சந்தோஷம்.

— சந்தோஷம்லாம் இல்ல. உண்மையைச் சொன்னேன்.

— ஆச்சும்மா, ஆச்சு! கோவிந்தப்பன் அண்ணன் சாப்பாட்டு நேரம் வரைக்கும் லேத்தைப் போட மாட்டாராம். மேல பெரிய டப்பிங் ஆர்ட்டிஸ்ட் பேசறாங்கன்னு சொன்னேன். 'யாரு, கம்பெனியில ஹெல்மெட் போடச் சொல்லுமே, அந்தம்மாவா'ன்னு கேக்கறாரு.

— பாத்தியா! இந்த ஊர்ல என் பேரு அதான். ஐரீன் குரல் இல்ல, ஹெல்மெட்டுக் குரல். உன்கிட்ட வந்து பேசிக் குடுத்தேனே தப்ரேஸ், அந்த அறிவிப்பு இன்னும் ஓடுதா?

— எல்லா கம்பெனியிலயும் ஓடுதும்மா. பிரியாக்கா பிளான்ட்ல கூட.

— தினமும் காலையில ஷிப்ட்டுக்கு நுழையறப்ப கேக்குது. 'இயந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்.' அது எங்க அம்மான்னு என் லைன்ல இருக்கற யாருக்கும் தெரியாது.

— ஏண்டி சொல்லல?

— சொல்லணும்னு தோணல.

— சரி. ஓட்டு தம்பி. கதவு சீனை முடிச்சிடலாம்.

— ரோலிங்மா.

— 'எமிலி, கதவைத் திற. ரொம்ப நாள் ஆயிடுச்சு. மழையில நனைஞ்சு போயிருக்கேன். பெத்த அம்மாவை வாசல்லயே நிக்க வச்சுப் பேசாதே.'

— ஓகேம்மா! கொஞ்சம் கரகரன்னு இருக்கு, ஆனா இந்த வயசான ஐரீனுக்கு அதுதான் பொருந்துது. உக்காருங்க, பிளாஸ்க்ல வெந்நீர் இருக்கு, குடிங்க. நான் இங்க எல்லாத்தையும் சேவ் பண்ணிக்கறேன்.

— பண்ணு, பண்ணு.

— பிரியாக்கா, பட்டனை எடுத்துட்டேன். இப்ப நாம பேசறது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேக்காது. ஆனா நீங்க முதுகைக் காட்டி உக்காருங்க. உதட்டைப் பாத்தே படிச்சிடுவாங்க உங்கம்மா.

— உக்காந்துட்டேன். என்ன சொல்லு.

— இன்னும் எவ்ளோ நேரம்க்கா இந்த நாடகம்?

— ஒரே ஒரு சீன் தப்ரேஸ். அந்தக் கடைசி சீன் மட்டும்.

— இந்தப் படத்துக்குச் சென்னையில வேற ஒரு பொண்ணு பேசி முடிச்சாச்சு. அம்மாவைக் கூப்பிடவே இல்ல. இங்க நாம எடுக்கறது எந்தத் தியேட்டருக்கும் போகாது, எந்த டிவிக்கும் போகாது. நாளைக்கு அம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும்க்கா. எங்க அத்தா இருந்திருந்தா என்னைச் செருப்பால அடிச்சிருப்பாரு.

— கூப்பிடலன்னு தெரிஞ்சிருந்தாதான் உடைஞ்சிருக்கும். ரெண்டு மாசம் தப்ரேஸ், போனை மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. ஐரீனோட கடைசிப் படம், என்னைக் கூப்பிடாம யாரைக் கூப்பிடுவாங்கன்னு. அடுப்படிக்குப் போனாலும் போனு கூடவே போவும். அதைப் பாக்க முடியாமதான் சொன்னேன். உனக்கு உடம்பு முடியலன்னு தெரிஞ்சு ஓசூர்லயே பேசி அனுப்பச் சொல்லிட்டாங்கன்னு.

— வசனத்தையும் நீங்களே உக்காந்து எழுதி.

— படத்தை இங்கிலீஷ்ல திரும்பத் திரும்பப் பாத்து எழுதினேன். உதடு ஒட்டறது, ஒட்டாதது எல்லாம் எனக்கு என்ன தெரியும்? நான் குவாலிட்டி செக்கிங்ல இருக்கறவ.

— காதைத் திருகுவேன்னு சொன்னப்ப உங்க மூஞ்சியைப் பாத்தேன். சிரிப்பை அடக்க முடியல. சரி, இன்னொண்ணு கேக்கணும். கடைசி சீன்ல மட்டும் இங்கிலீஷ் சத்தம் அம்மா ஹெட்போனுக்குப் போகக் கூடாதுன்னீங்க. ஏன்?

— அதுல ஒரு வரியை மாத்தியிருக்கேன்.

— எந்த வரி?

— எமிலி பாத்திரம் கழுவிக்கிட்டு நிப்பா. 'என்னை விட்டுட்டுப் போனியே, ஒருநாளாவது தப்புன்னு தோணிச்சா'ன்னு கேப்பா. ஐரீன் இல்லேம்பா. திரும்பக் கூப்பிட்டாலும் போவேன்னுடுவா. அந்த இடத்துல நான் 'மன்னிச்சிடு'ன்னு எழுதியிருக்கேன்.

— அக்கா...

— எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். இத்தனை வருஷத்துல என்கிட்ட சொன்னதில்ல. புதன்கிழமைக்கு அப்புறம் சொல்ல நினைச்சாலும் முடியாது. பொய்யாவே இருக்கட்டும். எமிலிக்குச் சொன்னதாவே இருக்கட்டும். அந்தக் குரல்ல அது என் போன்ல இருக்கணும்.

— நேராவே கேட்டுடலாமே? அம்மாதானே.

— கேட்டா சொல்லும்னு நினைக்கறியா? எங்க அம்மா அடுத்தவ வாய்க்குத்தான் பேசும். சொந்த வாய்க்குப் பேசத் தெரியாது.

— திரும்பாதீங்க. அம்மா கையை ஆட்டறாங்க. பட்டனைப் போடறேன். என்னம்மா?

— ரெண்டு பேரும் அப்படி என்ன ரகசியம் பேசறீங்க? பிளாஸ்க் காலி. பிரியா, கொஞ்சம் வெந்நீர் கொண்டாடி.

— கொண்டாரேன். தப்ரேஸ், நீ அடுத்த சீனை ரெடி பண்ணு. நான் உள்ள போயிட்டு வரேன்.

— போங்கக்கா. பாத்து, வயரை மிதிச்சுடாதீங்க.

— இந்தாம்மா. சூடா இருக்கு, ஊதிக் குடி.

— உக்காரு இப்படி. அங்க ஸ்க்ரீன்ல பாரு, அவளை அப்படியே நிறுத்தி வச்சிருக்கான். கழுத்துல தொங்குது பாரு சதை. எனக்கும் அதே இடத்துல. ஒரே வயசு ரெண்டு பேருக்கும்.

— அதையெல்லாமா கணக்கு வச்சிருக்க?

— பின்ன? அவ முதல்ல வந்தப்ப எப்படி இருந்தா தெரியுமா? போலீஸ்காரி. ஓடற ரயில் மேல ஓடுவா. பேசறதைவிட மூச்சு வாங்கறதுதான் அதிகம். நான் அந்த ரூம்ல நின்ன இடத்துலயே குதிச்சுக் குதிச்சு மூச்சு வாங்கினேன். அங்க இருந்த சவுண்ட் இன்ஜினியர் பயந்துபோய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.

— அப்ப எனக்கு எட்டு வயசு.

— ஆமா. அப்புறம் வக்கீலா வந்தா. அப்புறம் யாரோ ஒருத்தனுக்குப் பொண்டாட்டியா, அப்புறம் இன்னொருத்தனுக்கு. நிஜத்துலயும் மூணு கல்யாணம். ஒவ்வொரு தடவை புருஷன் விட்டுட்டுப் போனப்பவும் அடுத்த படத்துல அவ குரல் ஒரு சுதி இறங்கியிருக்கும். நான் பேப்பர்ல படிக்கறதுக்கு முன்னாடியே ஹெட்போன்ல தெரிஞ்சிடும். ஐயோ, இவ வீட்டுல என்னமோ ஆயிடுச்சுடான்னு.

— எங்க வீட்டுல என்ன ஆச்சுன்னு தெரியாது. அவ வீட்டு விஷயம் தெரியும்.

— வந்துட்டியா அங்கயே.

— விடும்மா. சொல்லு.

— நாப்பது தாண்டினதும் அவளை ஓரங்கட்டிட்டாங்க. அஞ்சு வருஷம் ஒரு படம் இல்ல. முட்டிவலி மாத்திரை விளம்பரத்துல வந்தா, பாவம். ரயில் மேல ஓடினவ.

— அந்த அஞ்சு வருஷமும் நீ வீட்டுல இருந்த.

— ம். இருந்தேன்.

— நான் பத்தாவது படிச்சேன். காலையில எழுந்தா நீ இருப்ப. சாயந்திரம் டியூஷன் விட்டா கேட்டுல நிப்ப. அவளுக்குப் படம் இல்லாதப்பதான்மா எனக்கு அம்மா இருந்தா.

— சந்தோஷமாத்தானே இருந்தோம்.

— நான் ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போவேனே, பரீட்சைக்கு வேண்டிக்கிறேன்னு சொல்லிட்டு. பரீட்சைக்கு இல்ல. ஐரீன் காலவேக்குப் படம் வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.

— அடிப்பாவி! அமெரிக்காக்காரி பொழப்புல ஓசூர்ல இருந்து மண்ணள்ளிப் போட்டது நீதானா?

— சிரிக்காதன்னு சொன்னேன்ல. இருமல் வருது பாரு. குடி, குடி.

— விடு, ஒண்ணும் ஆகாது. அந்தச் சாமியும் அஞ்சு வருஷம் உன் பேச்சைக் கேட்டிருக்கு.

— அப்புறம் கேக்கல. ஜட்ஜ் வேஷத்துல சீரியல்ல வந்தா. நீ பையைத் தூக்கிட்டுப் போயிட்ட. என்னைப் பொண்ணு பாக்க ஹரீஷ் வீட்டுல இருந்து வந்தப்ப, அடுத்த வாரம் மாத்தி வச்சுக்கச் சொல்லுங்க, ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்ற எபிசோடு இருக்குன்னு போன்ல சொன்ன.

— சொன்னேன்.

— எல்லாத்தையும் சொன்னேன், வந்தேன், இருந்தேன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடற.

— வேற என்ன சொல்லச் சொல்ற?

— ஒண்ணுமில்ல. பெங்களூர்ல அவளைப் பாக்கப் போனியே, அதைச் சொல்லு. எனக்கு அரைகுறையாத்தான் தெரியும்.

— அது ஒரு கூத்து. ஏதோ தர்ம காரியத்துக்காக வந்திருந்தா. பேப்பர்ல பாத்துட்டு, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டுல ஏறினேன். உங்கப்பா கூட வரேன்னாரு, வேண்டாம்னுட்டேன். அத்திப்பள்ளியில வண்டி நகரல. வேர்த்து வழிஞ்சு ஓட்டல் கேட்டுக்குப் போனா, வாட்ச்மேன் கன்னடத்துல யாரு நீன்னு கேக்கறான். என்னன்னு சொல்றது? இவளோட குரல் நான்னு கன்னடத்துல எப்படிச் சொல்றதுன்னு வாய் வரல. பேசற தொழில்ல இருந்தவளுக்கு வாய் வரல பாரு.

— அப்புறம்?

— கார் வெளிய வந்துச்சு. கண்ணாடி ஓரமா அவ. கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தா. எவ்ளோ பெரிய கொட்டாவி! நான் அங்கயே நின்னு, இந்தக் கொட்டாவிக்கு எந்த இடத்துல மூச்சை இழுத்து எங்க விடறதுன்னு யோசிச்சேன். கார் போயிடுச்சு. திரும்ப பஸ் ஏறி வந்து உங்கப்பாவுக்குத் தோசை சுட்டேன்.

— கூப்பிட்டிருக்கலாம்ல? ஐரீன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா திரும்பியிருப்பா.

— என் குரல் அவளுக்குத் தெரியாதேடி. உனக்குத்தான் தெரியும்.

— எனக்கு நல்லாத் தெரியும். என் சடங்கன்னைக்கு நீ வந்தப்ப பந்தலைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. செல்வம்மாள் அத்தைதான் கெலமங்கலத்துல இருந்து வந்து எனக்குத் தலை பின்னி, பூ வச்சு, எல்லாம் செஞ்சாங்க. அன்னைக்கு நீ என்ன சீன் பேசினேன்னு அப்ப எனக்குத் தெரியாது. பின்னாடி டிவியில போட்டான்.

— பிரியா, வேண்டாம்.

— ஐரீன் ஒரு குட்டிப் பொண்ணை மடியில உக்கார வச்சுத் தலை பின்னி விடறா. 'வலிக்குதாடி தங்கம், அம்மா கை முரடா இருக்கா'ன்னு கேக்கற. நீ கேக்கற! எங்க வீட்டு டிவியில. அந்தப் பொண்ணு இல்லேம்மான்னு சிரிக்குது. அத்தை எழுந்துபோய் டிவியை அணைச்சிட்டாங்க. நான் போடச் சொல்லி அழுதேன். அவங்களுக்குப் புரியல, எதுக்கு அழறேன்னு. நீ பேசறதை முழுசா கேக்கணும்னுதான்மா அழுதேன்.

— எனக்கு இது தெரியாதே.

— உனக்கு யாரு சொல்லுவா? நீ எங்க இருந்த?

— அம்மா, மன்னிக்கணும், குறுக்க பேசறேன். சீன் ரெடி. நேரம் ஆக ஆக உங்க குரல் கட்டிக்குது. பிரியாக்கா, நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க.

— வரேன் தப்ரேஸ். அம்மா, ஹெட்போனை மாட்டிக்கோ.

— மாட்டிட்டேன். என்ன தம்பி, காதுல அவ சத்தமே வரல?

— இந்த சீனுக்கு இங்கிலீஷ் டிராக் வரலம்மா. படம் மட்டும்தான் அனுப்பியிருக்காங்க.

— ம். சரி, ஓட்டு, சும்மா ஒருதடவை பாக்கறேன்... நிறுத்து. திரும்ப ஓட்டு... அவ மூஞ்சி கிட்ட வர இடத்துல நிறுத்து.

— நிறுத்திட்டேன்மா.

— பேப்பர்ல என்ன இருக்கு? 'உன்னை விட்டுட்டுப் போனது தப்பு. என்னை மன்னிச்சிடு எமிலி.' இது அவ வாய் இல்ல.

— உதடு ஒட்டலையாம்மா? மாத்திக்கலாம். 'மன்னிப்பு'ன்னு முன்னாடி போட்டுப் பாருங்களேன்.

— எப்படிப் போட்டாலும் ஒட்டாது. மூஞ்சியைப் பாரு தம்பி. மன்னிப்பு கேக்கறவ மோவாயை இப்படியா தூக்கிக்கிட்டு நிப்பா? கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா தலை குனியல. இவ மன்னிப்பு கேக்கல, வேற என்னமோ சொல்றா. எழுதினவங்களுக்கு ஒரு ஆசை. எழுதிட்டாங்க.

— எழுதினதைப் பேசும்மா. உனக்கென்ன?

— நீ ஏண்டி பிரியா அந்தப் பையன் கையில இருந்து மைக்கைப் புடுங்கிப் பேசற?

— எழுதியிருக்கறதைப் பேசிட்டுப் போயேன். அவளுக்காக எத்தனை பேர்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்க? மூணு படத்துல புருஷன்கிட்ட கேட்ட, கோர்ட்டுல கேட்ட, சர்ச்சுல கேட்ட. ஒரு படத்துல நாய்க்குட்டி மேல காரை ஏத்திட்டு அதுகிட்டக் கூடக் கேட்ட! இந்த ஒண்ணு உனக்கு வராதா?

— அவ கேட்டா, நான் கேட்டேன். இங்க அவ கேக்கல.

— அவ கேக்கலன்னா நீ கேளேன்!

— பிரியாக்கா, அழாதீங்க. உக்காருங்க. அம்மா, அஞ்சு நிமிஷம் பிரேக் விட்டுக்கலாமா?

— வேண்டாம் தம்பி. ஓட்டு. தொண்டையில ஒரு டேக்குக்குத்தான் மிச்சம் இருக்கு.

— என்ன வசனம்மா பேசப் போறீங்க? நான் இங்க குறிச்சுக்கறேன்.

— குறிக்க வேண்டாம். ஓட்டு. ஸ்பீக்கரைப் போட்டே வை, அந்தப் பக்கம் எல்லாருக்கும் கேக்கணும்.

— ரோலிங்மா.

— 'பிரியா, இந்தப் பக்கம் திரும்பாதே. முதுகைக் காட்டிக்கிட்டே கேளு, அப்பதான் எனக்கு வாய் வரும். போனது தப்புன்னு சொன்னா அது பொய். அந்த வேலை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அங்க போய் நின்னா உடம்பெல்லாம் பூரிச்சுப் போகும். நாளைக்குக் கூப்பிட்டாலும் போவேன். ஆனா விடியக்காலையில உன்னைத் தூங்க விட்டுட்டு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, பூனை மாதிரி கதவைச் சாத்திட்டுப் போக மாட்டேன். உன்னை எழுப்பி, மூஞ்சி கழுவி, தலை பின்னி, கையோட கூட்டிட்டுப் போவேன். ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சு, அம்மா என்ன பண்றான்னு பாருடின்னு காட்டுவேன். ஒருதடவை கூடக் காட்டலையே. நீ அழுவேன்னு பயந்தேன், நீ அழுதா நான் போக மாட்டேன்னு அதைவிடப் பயந்தேன். அதை நினைச்சா தொண்டையில இருக்கற இந்தக் கட்டி எனக்கு ஒண்ணுமே இல்ல.'

— அம்மா, பேசி முடிச்சிட்டீங்களா?

— முடிஞ்சுது தம்பி. நிறுத்திக்கோ.

— நிறுத்திட்டேன்மா. படம் எப்பவோ முடிஞ்சு கறுப்பாயிடுச்சு, நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க. அது... அது பரவால்ல, இழுத்து ஒட்டிக்கலாம்.

— பிரியா எங்க? கண்ணாடியில தெரியல.

— இங்கதான்மா. கீழ உக்காந்துட்டாங்க. முகத்தைத் துப்பட்டாவால மூடிக்கிட்டு. அக்கா, தண்ணி குடிங்க.

— எனக்கு ஒண்ணும் வேண்டாம் தப்ரேஸ். அம்மாவை வெளிய வரச் சொல்லு. போதும்.

— வரச் சொல்றேன்க்கா. அம்மா, டேக் அருமை. ஒரே ஒரு சின்ன விஷயம், கோவிச்சுக்காதீங்க. பேரு மாறிடுச்சு. எமிலின்னு வரணும், நீங்க பிரியான்னுட்டீங்க. சென்னையில கேப்பாங்க. அந்த ஒரு வார்த்தையை மட்டும் திரும்ப...

— சென்னையில யாரும் கேக்க மாட்டாங்க தம்பி. ஐரீனுக்குப் பேசின பொண்ணு மைக்குக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குத்தான் போன் பண்ணுச்சு. 'அம்மா, ஐரீன் இந்த இடத்துல மூச்சை எங்க விடுவாங்க'ன்னு கேட்டுக்கிட்டு, ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போச்சு. நான் இன்னைக்கு வந்தது என் பொண்ணுகிட்ட பேச.